எரிந்த மரத்துக்கு வந்த பணம்: பள்ளிக்கும் சாலைக்கும் பங்கு உண்டா?

அமெரிக்காவின் மேற்கு மாநிலங்களில், தேசிய வனங்களை ஒட்டிய ஊர்களில் வசிக்கும் வாசகர்களின் கேள்விகள் இந்த இதழில். வன வருவாயும் கவுண்டி (நம்மூர் மாவட்டம் போன்ற உள்ளாட்சி அமைப்பு) நிதியும் அறிந்தவர்கள் பதில் சொல்கிறார்கள்.

ரயில்பாதை வேலை, மரம் வெட்டும் வேலை என்று யாரோ மூட்டிய தீயில் தேசிய வனம் எரிகிறது. மத்திய அரசு வழக்குப் போட்டுக் கோடிக்கணக்கில் நஷ்டஈடு வாங்குகிறது. அதே மரத்தை விற்றிருந்தால் எங்கள் கவுண்டிக்குக் கால் பங்கு வந்திருக்கும். எரிந்ததற்கு வந்த பணத்தில் மட்டும் ஏன் ஒன்றும் இல்லை?
— வட கலிஃபோர்னியா வாசகர்

இரண்டு சட்டங்கள் இரண்டு திசையில் இழுக்கின்றன. முதலாவது 1908-ஆம் ஆண்டுச் சட்டம். ஒரு தேசிய வனத்திலிருந்து வரும் பணத்தில் 25 சதவீதம் மாநிலத்துக்குப் போக வேண்டும். அந்த வனம் இருக்கும் கவுண்டியின் பொதுப் பள்ளிகளுக்கும் பொதுச் சாலைகளுக்கும் மாநிலம் அதைச் செலவிட வேண்டும் என்கிறது அது. மத்திய அரசு நிலத்துக்குக் கவுண்டி சொத்துவரி போட முடியாது. பாதிக்கு மேல் தேசிய வனமாக இருக்கும் ப்ளூமஸ் போன்ற கவுண்டிகள் வரி போட நிலமில்லாமல் திண்டாடும் என்பதால் வந்த ஏற்பாடு இது.

இரண்டாவது, 1958-ஆம் ஆண்டுச் சட்டம். வன நிலத்துக்கு ஏற்பட்ட சேதத்துக்காகத் தீர்ப்பு மூலமோ சமரசம் மூலமோ கிடைக்கும் பணம், அந்தச் சேதத்தைச் சரிசெய்யும் வேலைக்கே ஒதுக்கப்பட வேண்டும் என்கிறது. ஆகவே சமரசத் தொகையை, தேசிய வனங்களை நிர்வகிக்கும் ஃபாரஸ்ட் சர்வீஸ் வனத்தின் ‘வரவு’ என்று எழுதுவதில்லை. வரவில் வராததற்கு 25 சதவீதமும் கிடையாது. வெட்டி விற்ற மரத்துக்குப் பங்கு உண்டு, பிறர் எரித்து விலை கொடுத்த மரத்துக்குப் பங்கு இல்லை என்ற விசித்திரம் இப்படித்தான் வந்தது.

தொகைகளும் சின்னவை இல்லை. 2000 ஆகஸ்டில் ப்ளூமஸ், லாசன் வனங்களில் சுமார் 52,000 ஏக்கரை எரித்த ஸ்டோரி தீக்காக யூனியன் பசிஃபிக் ரயில் நிறுவனம் 2008-ல் 10.2 கோடி டாலருக்குச் சமரசம் செய்தது. 2007 செப்டம்பரில் அதே வட்டாரத்தில் சுமார் 65,000 ஏக்கரை எரித்த மூன்லைட் தீ வழக்கில் 2012-ல் 5.5 கோடி டாலர் பணமும் 22,500 ஏக்கர் நிலமும் என்று முடிவானது. முக்கியப் பிரதிவாதியான சியரா பசிஃபிக் இண்டஸ்ட்ரீஸ் தவறை ஒப்புக்கொள்ளவில்லை. சமரசத்தை ரத்து செய்யக் கேட்டதும் பலிக்கவில்லை.

‘வரவு’ என்பதில் எது அடங்கும் என்பதை அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் முன்பும் மாற்றியிருக்கிறது. மறுநடவுக்காக மரம் வாங்குவோரிடம் பிடித்துவைக்கும் தொகையையும், சாலை போட்டதற்காக அவர்களுக்குக் கழித்துக் கொடுத்த தொகையையும் 1976-ல் வரவுக் கணக்கில் சேர்த்தார்கள். மறுபுறம், மரத்தின் விலையை வனப் பராமரிப்பு வேலைக்கு ஈடாக்கும் ஸ்டூவர்ட்ஷிப் ஒப்பந்தங்களில் கிடைக்கும் மரப் பணத்தை வெளியே வைத்திருக்கிறார்கள். ஆக, சமரசத் தொகையையும் வரவில் சேர்ப்பது மனம் இருந்தால் ஒரு வாக்கியத்தில் முடிகிற திருத்தம்தான். அந்த வாக்கியத்தை எப்படி எழுதுகிறார்கள் என்பதில்தான் சிக்கலே இருக்கிறது.

எங்கள் பள்ளி வாரியத்தில் ‘கால் பங்கு வந்தால் கோடிகள் கொட்டும்’ என்று பேசிக்கொள்கிறார்கள். கணக்கு போட்டுக் காட்ட முடியுமா?
— பள்ளி வாரிய உறுப்பினர் ஒருவர்

முதலில், மொத்தச் சமரசத் தொகையில் கால் பங்கு என்ற நினைப்பை விடுங்கள். அந்தத் தொகைக்குள் தீயணைப்புச் செலவு, மண்ணரிப்புத் தடுப்பு, மறுநடவு, வனவிலங்கு வாழிட இழப்பு எல்லாம் கலந்திருக்கும். பங்கு கேட்க நியாயம் உள்ள பகுதி மரத்தின் மதிப்பு மட்டும்தான்.

மரத்தின் மதிப்பு என்றால் மில் வாசலில் கிடைக்கும் விலை என்று நினைத்துவிடக் கூடாது. நின்ற நிலையில் உள்ள விலையைத்தான் எடுக்க வேண்டும். எடுத்துக்காட்டுக்கு எண்களை வைத்துப் பார்ப்போம். 1,000 போர்டு அடி (ஓரடி நீளம், ஓரடி அகலம், ஓரங்குலத் தடிமன் கொண்ட பலகை ஒரு போர்டு அடி) கட்டை மில்லில் 500 டாலர். வெட்டி இழுத்துச் சேர்க்க 220, லாரிக் கூலி 80. மிச்சம் 200 டாலர்தான் நின்ற மரத்தின் விலை. செத்துப்போன விற்பனைத் தர மரம் 3 கோடி போர்டு அடி என்றால் மதிப்பு 60 லட்சம் டாலர். இதில் 80 லட்சம் போர்டு அடியை எரிமரமாக, அதாவது தீயில் செத்த மரமாக, 1,000 போர்டு அடிக்கு 40 டாலர் வீதம் விற்றுவிட்டார்கள் என்று வையுங்கள். கிடைத்தது 3.2 லட்சம். நிகர இழப்பு 56.8 லட்சம், அதில் கால் பங்கு 14.2 லட்சம் டாலர். எரிமர விற்பனை வழக்கமான வரவு என்பதால் அந்த 3.2 லட்சத்துக்கு 1908 சட்டப்படி 80,000 டாலர் தனியாக வரும். இரண்டும் சேர்ந்தால் 15 லட்சம், அதாவது 60 லட்சத்தில் சரியாகக் கால் பங்கு. உங்கள் கணக்கும் இப்படிப் பொருந்துகிறதா என்று பாருங்கள். பொருந்தாவிட்டால் எங்கோ இரட்டிப்பாக எண்ணியிருக்கிறீர்கள்.

எரிமர விலை ஏன் இவ்வளவு அடிமட்டம் என்று கேட்பீர்கள். பாண்டெரோசா பைனில் முதல் கோடையிலேயே பூஞ்சையால் நீலக்கறை ஏறிவிடும்; துளைப்பான் வண்டுகள் கூடவே வரும். சிறு விட்டமுள்ள மரம் முதலில் கெடும், பெரிய டக்ளஸ் ஃபர் கொஞ்சம் தாக்குப்பிடிக்கும். சுற்றுச்சூழல் ஆய்வு முடிந்து ஏலம் போவதற்குள் ஓராண்டு போய்விட்டால் பைன் பலகைக்கு மதிப்பே இருக்காது. தாமதத்தில் போகும் பணத்தை எந்தப் பங்கீட்டுச் சட்டமும் மீட்டுத் தராது.

அடுத்த அடி ஏழாண்டுச் சராசரி. 2008 திருத்தத்துக்குப் பிறகு 25 சதவீதம் என்பது அந்த ஆண்டு வரவில் இல்லை; அந்த ஆண்டும் முந்தைய ஆறு ஆண்டுகளும் சேர்ந்த சராசரியில். வெறுமனே ‘சமரசத் தொகையையும் வரவாகக் கருதுக’ என்று எழுதினால் உங்கள் 14.2 லட்சம் ஆண்டுக்குச் சுமார் 2.03 லட்சமாகத் துண்டு துண்டாக ஏழாண்டுக்கு வரும்.

மூன்றாவது, பரப்பளவு. ஒரு வனம் பல கவுண்டிகளில் பரவியிருந்தால், வனத்தின் பரப்பு எந்தக் கவுண்டியில் எவ்வளவோ அந்த விகிதத்தில்தான் பங்கு. எங்கே எரிந்தது என்பது கணக்கிலேயே வராது. தீ முழுவதும் உங்கள் கவுண்டியில் எரிந்து, வனத்தில் 40 சதவீதம்தான் உங்களிடம் இருந்தால் உங்களுக்கு 5.68 லட்சம், புகையை மட்டும் பார்த்த பக்கத்துக் கவுண்டிக்கு 8.52 லட்சம். எரிந்த ஏக்கரை வைத்துப் பிரிப்பதே நியாயம் என்பது எங்கள் கருத்து. ஆனால் அதைச் சட்டத்தில் தனியாகச் சொல்ல வேண்டும்.

கடைசியில் பள்ளி–சாலைப் பிரிவு. கலிஃபோர்னியாவில் பாதிக்குப் பாதி. ஐடஹோவில் சாலைக்கு 70, பள்ளிக்கு 30. ஆரிகனில் சாலைக்கு 75, பள்ளிக்கு 25. அதிலும் ஆரிகனில் பள்ளிப் பங்கை மாநிலப் பள்ளி நிதிச் சூத்திரம் உள்ளூர் வருமானமாக எண்ணிக்கொள்கிறது. எரிந்த ஊரின் பள்ளிக்கு வந்த பணம் மாநிலம் முழுக்கக் கரைந்துபோகும்.

நாங்கள் எஸ்.ஆர்.எஸ். பணம் வாங்கும் கவுண்டி. இந்தத் திருத்தத்தால் எங்களுக்கு லாபம் உண்டா?
— ஆரிகனில் கவுண்டி நிதி அலுவலகத்தில் பணிபுரியும் வாசகி

சட்டத்தில் ‘எஸ்.ஆர்.எஸ். தொகைக்கு மேலாக’ என்று இல்லாவிட்டால் லாபம் இல்லை, அம்மா.

மற்ற வாசகர்களுக்காகச் சுருக்கமாக: 1980-களின் பிற்பகுதியில் தேசிய வனங்களில் ஆண்டுக்கு 1,200 கோடி போர்டு அடியை ஒட்டி மரம் வெட்டினார்கள். 1990-ல் வட புள்ளி ஆந்தை பாதுகாப்புப் பட்டியலில் வந்தது, 1994-ல் வடமேற்கு வனத் திட்டம் வந்தது. வெட்டு சரிந்தது, 25 சதவீதமும் சரிந்தது. அதை ஈடுகட்ட 2000-ல் வந்ததுதான் எஸ்.ஆர்.எஸ். எனப்படும் ஊரகப் பள்ளி நிதிச் சட்டம். 1986 முதல் 1999 வரையான காலத்தில் அதிக வரவு கண்ட மூன்று ஆண்டுகளின் சராசரியை அடிப்படையாக வைத்தார்கள். 2008-ல் நிலப்பரப்பு, தனிநபர் வருமானம் இரண்டையும் சூத்திரத்தில் சேர்த்தார்கள். கவுண்டி இதை எடுத்துக்கொள்ளலாம், அல்லது பழைய 25 சதவீதத்தை எடுத்துக்கொள்ளலாம். இரண்டும் சேர்ந்து கிடையாது.

எனவே எஸ்.ஆர்.எஸ்.-ஐத் தேர்ந்தெடுத்த கவுண்டியில் சமரசத் தொகையை வரவில் சேர்த்தாலும் கைக்கு வருவது அதே பணம்தான். வன வரவு கூடினால், எஸ்.ஆர்.எஸ்.-க்காகக் கருவூலம் தன் கையிலிருந்து போட வேண்டியது குறையும். லாபம் வாஷிங்டனுக்கு.

ஆனால் எஸ்.ஆர்.எஸ். நிரந்தரமும் இல்லை. 2016 நிதியாண்டில் இடைவெளி விழுந்தது. 2023 நிதியாண்டுக்குப் பிறகு மறுபடி காலாவதியாகி, 2025-ல் கவுண்டிகளுக்கு 1908 கணக்குப்படி பணம் வந்தது. அந்த ஆண்டு இறுதியில்தான் காங்கிரஸ் அதற்குத் திரும்ப உயிர் கொடுத்தது. அப்படிப்பட்ட இடைவெளி ஆண்டில் சமரசத் தொகை வந்து விழுந்தால் கதை வேறு.

இன்னொரு கண்ணியும் இருக்கிறது. வரிக்குப் பதிலாக மத்திய அரசு தரும் பில்ட் தொகை இரண்டு சூத்திரங்களில் கணக்கிடப்படுகிறது. ஒன்றில் ஏக்கர் வீதம் அதிகம், ஆனால் முந்தைய ஆண்டில் வந்த வனப் பங்கைக் கழிப்பார்கள். மற்றதில் வீதம் குறைவு, கழிவு இல்லை. கவுண்டி முதல் சூத்திரத்தில் இருந்தால், இன்று சாலைக் கணக்கில் வந்தது அடுத்த ஆண்டு பில்டில் குறையும். தனிப் பள்ளி மாவட்டங்களுக்கு நேரே கடத்திவிடும் தொகை பொதுவாக இந்தக் கழிவில் வராது. உங்கள் கவுண்டி எந்தச் சூத்திரத்தில் இருக்கிறது, மக்கள்தொகை உச்சவரம்பில் முட்டிக்கொண்டிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். திருத்தம் கேட்டு எழுதும் கடிதத்தில் ‘பில்ட் கணக்கில் கழிக்கக் கூடாது’, ‘ஏழாண்டுச் சராசரி பொருந்தாது’ என்பவற்றையும் சேர்க்காவிட்டால் சாமி வரம் கொடுத்தும் பூசாரி மறித்த கதைதான்.

ஆரிகனில் ஓ அண்ட் சி நிலங்களும் (ஒரு ரயில் நிறுவனத்திடமிருந்து மத்திய அரசு திரும்ப எடுத்துக்கொண்டவை) இருக்கின்றன. 18 கவுண்டிகளில் உள்ள அவற்றை நிர்வகிப்பது பி.எல்.எம். எனப்படும் மத்திய நில மேலாண்மை அமைப்பு; வரவில் பாதி கவுண்டிகளுக்கு, அதுவும் பள்ளி–சாலைக் கட்டுப்பாடு இல்லாத பொது நிதியாக. அங்கும் சேதச் சமரசப் பணத்தை நிலச் சீரமைப்புக்கு ஒதுக்கும் விதி, 1976-ஆம் ஆண்டு நில மேலாண்மைச் சட்டத்தில் இருக்கிறது. ஃபாரஸ்ட் சர்வீஸ் சட்டத்தை மட்டும் திருத்தினால் இந்த நிலம் வெளியே நிற்கும்.

சமரச ஒப்பந்தத்தைப் படித்தோம். மரத்துக்கு எவ்வளவு என்றே அதில் இல்லை. எப்படிக் கண்டுபிடிப்பது?
— கவுண்டி மேற்பார்வைக் குழுவுக்கு உதவும் தன்னார்வலர்

பெரும்பாலும் இருக்காது. ஒரே மொத்தத் தொகையாக எழுதிக் கையெழுத்திடுவார்கள்; பகுத்து எழுதினால் ஒவ்வொரு வரிக்கும் சண்டை வரும் என்பது இரு தரப்புக்கும் தெரியும். பங்கீட்டுச் சட்டம் வெற்றுத்தாளாகிப் போகும் இடம் இதுதான். ‘மரத்துக்கான பகுதியில் 25 சதவீதம்’ என்று சட்டம் சொல்லும், ஒப்பந்தம் ‘அப்படி ஒரு பகுதியே இல்லை’ என்று சொல்லும். மரத்தின் பகுதியை ஒப்பந்தத்திலேயே எழுத வேண்டும், எழுதாவிட்டால் அரசு தன் மனுவில் கோரிய இழப்புகளின் விகிதப்படி பிரிக்க வேண்டும் என்று சட்டம் சொல்வதே வழி.

அதுவரை நீங்களே ஒரு மதிப்பீடு செய்யலாம். அரசு தாக்கல் செய்த வழக்கு மனுவிலிருந்து தொடங்குங்கள். கோரப்படும் இழப்பு வகைகள் அதில் இருக்கும். பிறகு தீக்கு முந்தைய மரக் கணக்கெடுப்பைத் தகவல் சுதந்திரச் சட்டப்படி கேளுங்கள். பதிலுக்கு 20 வேலைநாள் என்பது சட்டம், நடப்பு வேறு. வழக்கு நிலுவையில் இருக்கும்போது சேத மதிப்பீட்டு அறிக்கையைக் கேட்டால், வழக்கறிஞர் தயாரித்த ஆவணம் என்று ஐந்தாவது விலக்கைக் காட்டி மறுப்பார்கள். வழக்குக்காகத் தயாரிக்காத பழைய கணக்கெடுப்பையும் விற்பனைப் பதிவுகளையும் கேட்டால் கிடைக்க வாய்ப்பு அதிகம்.

வரைபடத்தில் பலர் சறுக்குகிறார்கள். தீ முடிந்தவுடன் பேயர் எனப்படும் அவசரச் சீரமைப்புக் குழு வெளியிடும் வரைபடம் மண் எவ்வளவு எரிந்தது என்று காட்டுவது. மரம் எவ்வளவு செத்தது என்பதற்கு அதை வைத்தால் கணக்கு தப்பும். தரையில் தீ வேகமாக ஓடி மண் பிழைத்து, மேலே இலை முழுக்கக் கருகியிருக்கலாம். மரத்துக்கு ராவ்ஜி எனப்படும் தாவரச் சேத வரைபடம் வேண்டும். அடிப்பரப்பில் (மரத் தண்டுகளின் குறுக்குவெட்டுப் பரப்பு) எத்தனை சதவீதம் செத்தது என்று அது வகைப்படுத்தும். 75 சதவீதத்துக்கு மேல் செத்த பகுதிகளைத் தனியே எடுத்து, தீக்கு முந்தைய மர அளவோடு பெருக்குங்கள். 15 வயது நடவுக் காடுகளை இதில் சேர்க்காதீர்கள். அவற்றில் விற்க மரமே இல்லை. அந்த இழப்பு மறுநடவுச் செலவில் வரும்.

வன நிலத்தைச் சீர்செய்ய வந்த பணத்தில் கை வைப்பது சரியா? தவிர, அந்த மரங்களில் பாதி விற்பனைக்கே இல்லாதவை.
— வனப் பாதுகாப்பில் ஈடுபாடுள்ள வாசகர்

பாதி சரி. மறுநடவு, மண்ணரிப்புத் தடுப்பு என்று வந்த பணத்தில் கவுண்டி ஒரு டாலரும் கேட்கக் கூடாது என்றே நாங்கள் நினைக்கிறோம். கேட்டால் அடிவாங்குவதும் கவுண்டிச் சாலைதான்: மேலே சரிவு வெறுமையாக இருந்தால் சேறு கீழே வந்து விழும்.

விற்பனைக்கு இல்லாத மரம் என்பது வலுவான வாதம். சியரா நெவாடா வனங்களில் 2004 திட்டப்படி 30 அங்குலத்துக்கு மேல் விட்டமுள்ள மரங்களைப் பொதுவாக வெட்ட முடியாது. பாதுகாப்புப் பகுதிகளும் உண்டு. அவற்றிலிருந்து கவுண்டிக்கு எப்போதும் கால் பங்கு வந்திருக்காது. ஆனால் நீதிமன்றத்தில் அரசு அதே மரத்துக்குச் சந்தை விலை போட்டுக் கேட்டிருந்தால், வாங்கும்போது ‘சரக்கு’, பங்கிடும்போது ‘காடு’ என்று சொல்ல முடியாது. வாழிட இழப்பாகக் கேட்டிருந்தால் அது காட்டுக்கே போகட்டும். அரசு எந்தத் தலைப்பில் கேட்டதோ அந்தத் தலைப்பிலேயே பங்கிடுவது இரு தரப்புக்கும் பொது அளவுகோல்.

பணத்துக்குப் பதில் நிலம் வந்தால்?
— லாசன் கவுண்டி வாசகர்

கவுண்டிக்கு இரட்டை நஷ்டம். கலிஃபோர்னியாவில் தனியார் மரக்காடு சொத்துவரி கட்டும். மரம் வெட்டினால் அதன் மதிப்பில் 2.9 சதவீத விளைச்சல் வரியும் வரும். நிலம் மத்திய அரசுக்குப் போனதும் இரண்டும் நின்றுவிடும். பதிலுக்குப் பில்டில் ஏக்கர்க் கணக்கு கொஞ்சம் கூடும். மூன்லைட் சமரசத்தில் மதிப்பின் பெரும்பங்கு நிலம்தான். பங்கீட்டு விதி ‘பணம்’ என்று மட்டும் எழுதப்பட்டால் இப்படிப்பட்ட ஒப்பந்தங்கள் அதற்குள் வராது. நிலத்தின் மதிப்பையும் சேர்த்து எழுத வேண்டும்.

தென் கலிஃபோர்னியாவில் நாங்களும் கேட்கலாமா? பாப்கேட் தீக்கு மின் நிறுவனம் 8.25 கோடி டாலர் தருகிறதே?

ஏஞ்சலஸ் வனத்தில் 2020-ல் எரிந்த அந்தத் தீக்கு 2025-ல் அந்தத் தொகை முடிவானது உண்மை. ஆனால் அங்கே பெரும்பகுதி புதர்க்காடு. மரத்துக்கு என்று பங்கு வைத்தால் உங்களுக்குச் சொல்லிக்கொள்ளும்படி எதுவும் வராது.

மத்திய அரசின் பங்குக்குக் காத்திருக்காமல் கவுண்டியே வழக்குப் போட முடியாதா?
— ப்ளூமஸ் கவுண்டி வாசகர்

முடியும், போட்டும் இருக்கிறார்கள். 2021-ல் 9.63 லட்சம் ஏக்கரை எரித்த டிக்ஸி தீக்குப் பிறகு ப்ளூமஸ் உள்ளிட்ட ஐந்து கவுண்டிகளுக்கு மின் நிறுவனம் 2023-ல் 2.4 கோடி டாலர் தர ஒப்புக்கொண்டது. கவுண்டியின் சொந்தச் சாலை, கட்டடம், ஊழியர் கூடுதல் நேரம், குறைந்துபோன வரி என்று சொந்தக் கணக்கில் உள்ளவற்றைத்தான் அங்கே கேட்க வேண்டும். எரிந்த தேசிய வன மரத்தின் கால் பங்கைக் கேட்டால் நிற்காது. மரம் மத்திய அரசின் சொத்து. தீ நடந்த முதல் நாளிலிருந்து ஒவ்வொரு லாரி நேரத்தையும் கூலியையும் தீயின் பெயரில் தனிக் கணக்கு எண்ணில் எழுதிவந்த கவுண்டிக்குப் பணம் சீக்கிரம் கிடைக்கும். பிறகு நினைவிலிருந்து எழுதிய பட்டியலை எதிர்த்தரப்பு வக்கீல் கிழித்துப் போடுவார்.

ஒருவேளை பணம் வந்தே விட்டது என்று வையுங்கள். எதில் போடுவது?
— கவுண்டிச் சாலைத் துறை ஊழியர்

பள்ளிப் பக்கம்: ஒருமுறை வரும் பணத்தில் ஆசிரியர் வேலை உருவாக்காதீர்கள். தீக்குப் பிறகு குடும்பங்கள் இடம்பெயர்ந்து மாணவர் எண்ணிக்கை ஏற்கெனவே குறைந்திருக்கும். கலிஃபோர்னியாவில் மாநில நிதி வருகைப்பதிவைப் பார்த்து வருவதால் மூன்றாம் ஆண்டு அந்த வேலையை வெட்ட வேண்டியிருக்கும். கூரை, பாய்லர், பேருந்து, புகை வடிகட்டும் காற்றோட்டக் கருவி என்று போடுங்கள்.

சாலைப் பக்கம்: தார் போட ஓடாதீர்கள். முதல் இரண்டு மழைக்காலத்துக்கு, சாலைக்கு அடியில் தண்ணீரைக் கடத்தும் கல்வெர்ட் குழாய்கள்தான் முக்கியம். எரிந்த சரிவிலிருந்து தண்ணீர் பல மடங்கு வேகமாக வரும். சாம்பலும் கட்டையும் சேர்ந்து வரும். 18 அங்குலக் குழாய் ஒரே இரவில் அடைத்துக்கொள்ளும். அதை 36 அங்குலமாக மாற்றினால் தண்ணீர் கடத்தும் திறன் ஐந்தாறு மடங்கு கூடும், ஏனென்றால் திறன் விட்டத்தைவிட மிக வேகமாக உயரும். எல்லாக் குழாயையும் மாற்றப் பணம் போதாது. மாற்றாத இடத்தில், குழாய்க்குச் சற்றுக் கீழ்ப்பக்கம் சாலையிலேயே ஒரு தாழ்வு வெட்டிவிடுங்கள். குழாய் அடைத்தாலும் தண்ணீர் அந்தத் தாழ்வில் சாலையைக் குறுக்காகக் கடந்து அதே ஓடைக்குத் திரும்பும். தாழ்வு இல்லாவிட்டால் தண்ணீர் சாலை நெடுக ஓடி அடுத்த ஓடையில் போய் விழும். வழியில் அரை மைல் சாலையை அறுத்துக்கொண்டு போகும். தாழ்வு வெட்ட ஒரு கிரேடரும் (மண் சமன்படுத்தும் இயந்திரம்) ஒரு நாளும் போதும். அரை மைல் சாலையைத் திரும்பக் கட்டப் பல மாதம்.

எரிமரம் ஏற்றும் லாரிகள் 80,000 பவுண்டு எடையோடு போகும். அவை ஓடி முடிக்கும்வரை மேல்தளப் பூச்சு வேண்டாம். ஓட்டம் தொடங்கும் முன் சாலையைப் படம் எடுத்து, மைல் வாரியாகக் குறித்து வையுங்கள். சாலைச் சேதத்துக்கு ஒப்பந்தக்காரரிடம் பணம் கேட்கும்போது ‘முன்பே இப்படித்தான் இருந்தது’ என்பார்கள். சாலை ஓரத்தில் செத்து நிற்கும் மரங்களுக்கு, மரத்தின் உயரத்தில் ஒன்றரை மடங்கு தூரம்வரை பாருங்கள். சரிவின் மேல்பக்கம் நிற்பதைத்தான் முதலில் வெட்ட வேண்டும்; விழுந்தால் உருண்டு சாலைக்கே வரும். பாதுகாப்புத் தடுப்பின் மரக் கால்கள் வெளியே நன்றாகத் தெரிந்தாலும் மண்ணுக்குள் கருகியிருக்கும். ஒவ்வொன்றையும் ஒரு கம்பியால் அடியில் குத்திப் பாருங்கள்.